மூணு பெட்டியும் ஒரு ஏசியும்

ரெக்ஸ் அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தான். இனிமேல் தன் கையில் ஒரு தாலியும் தொலையக் கூடாது.

அவன் திருடனும் இல்லை, அடகுக் கடைக்காரனும் இல்லை. கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. வாசலில் 'ரெக்ஸ் டிஜிட்டல்' என்று போர்டு. போர்டில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு புறா பறக்கும். அந்தப் புறாவைத் தவிர மற்றதெல்லாம் அவனே எடுத்தது.

தாலி தொலைந்தது போன வருஷம். அரிசி ஆலை தீனதயாளனின் மூத்த மகள் கல்யாணம். ரெக்ஸ் முன்ஜாக்கிரதையான ஆள். எடுத்ததையெல்லாம் மூன்று காப்பி போட்டு வைத்தான். 'கல்யாணம்', 'கல்யாணம் பத்திரம்', 'கல்யாணம் ரொம்ப பத்திரம்' என்று மூன்று ஃபோல்டர். மூன்றும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அந்த டிஸ்க் ஒரு நாள் காலையில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மண்டையைப் போட்டது. பத்திரமும் போயிற்று, ரொம்ப பத்திரமும் போயிற்று.

கேமரா கார்டில் ஒட்டிக்கொண்டிருந்ததை வழித்தெடுத்து, பாட்டு போட்டு, பூத் தூவி, ஒரு மாதிரி ஒப்பேற்றினான். இரண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"ஏம்பா ரெக்ஸு, மாலை மாத்துறாங்க. சரி. அடுத்த சீன்ல எம் பொண்ணு பந்தியில உக்காந்து பாயாசம் குடிச்சிக்கினு இருக்குது. நடுவுல தாலி எங்கப்பா?"

"கழுத்துல இருக்குது பாருங்க சார்."

"இருக்குது. யாரு கட்னது?"

ரெக்ஸ் படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். கடைசியில் மாப்பிள்ளையே எழுந்து நின்று, தான்தான் கட்டியதாகச் சபையில் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் சபதம். அன்று முதல் ரெக்ஸ் சோறு தண்ணி மறந்து படித்தான். கையில் ஃபோன், காதில் ஒயர். ஃபோனுக்குள் ஒரு தாடிக்காரர் தினமும் வந்து பாடம் எடுத்தார். அவர் சொன்னது இதுதான். சின்னச் சின்னதாக மூன்று கம்ப்யூட்டர் பெட்டி வாங்கு. ஒவ்வொன்றிலும் டிஸ்க் போடு. மூன்றையும் இணைத்துவிட்டால் அவை ஒரே கிடங்கு மாதிரி வேலை செய்யும். நீ ஒரு படத்தைப் போட்டால் தானாகவே மூன்று காப்பி எடுத்து, பெட்டிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும்.

ஆனால் ஒரு கண்டிஷன். மூன்றில் இரண்டு பெட்டியாவது உயிரோடு இருந்து கையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் கிடங்கு திறக்கும். ஒரே ஒரு பெட்டி மட்டும் மிச்சமிருந்தால், உள்ளே எல்லாம் இருந்தாலும் அது வாயைத் திறக்காது. கூட இன்னொருத்தர் 'ஆமாம்' சொல்லாமல் தன்னையே நம்பாத ஜாதி அது.

ரெக்ஸுக்கு இது புதிய சங்கதி இல்லை. அவன் வீட்டிலும் மூன்று பேர். அவன், மனைவி மெர்லின், மகள் ஜெனிபர். அங்கேயும் இரண்டு பேர் கையைத் தூக்கினால்தான் எதுவும் நடக்கும். அந்த இரண்டு பேரில் ஒருத்தனாக ரெக்ஸ் இதுவரை இருந்ததில்லை.

பெட்டிகள் வந்து சேர்ந்த அதே வாரம் வீட்டுக்கு ஏசியும் வந்தது. மெர்லின் சீட்டு எடுத்து வாங்கியது. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுக் காலையில் வந்து பகலில் தூங்க வேண்டியவள். கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில் பகலில் படுப்பதும் இட்லிப் பானைக்குள் படுப்பதும் ஒன்று. நியாயமாகப் பார்த்தால் ஏசி போக வேண்டிய இடம் படுக்கையறை. அது ரெக்ஸுக்கும் தெரியும்.

ஆனால் ஏசி அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது அதன் வெள்ளை முகத்தைப் பார்த்தான். மனசு கெட்டுவிட்டது. ஜில்லென்ற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சுழல் நாற்காலியில் சாய்ந்து எடிட்டிங் செய்யும் ஒரு ரெக்ஸ் அவன் கண்முன்னே வந்து உட்கார்ந்தான்.

"மெர்லினு, ஏசிய முன் ரூம்ல மாட்டிக்கலாம்."

"இன்னாத்துக்கு?"

"பெட்டிங்க சூடாயிடும்."

"நானுந்தான் சூடாவுறேன்."

"நீ சூடானா தண்ணி குடிப்ப. பெட்டி குடிக்குமா?"

"ஃபேன் போடுங்க."

"ஃபேனா! இது இன்னா ஆட்டுக்குட்டியா, ஃபேனுக்கு அடங்க? ஏசி இல்லாம ஓட்னா தீயே புடிச்சிக்கும். வூடு பத்திக்கும். அப்பால உன் இஷ்டம்."

தாடிக்காரர் அப்படிச் சொல்லவே இல்லை. காற்றோட்டம் இருந்தால் போதும், சாதாரண ஃபேனே ஜாஸ்தி என்றுதான் சொன்னார். ரெக்ஸ் அந்த ஒரு வரியை மட்டும் எடிட்டிங்கில் வெட்டிவிட்டான்.

மெர்லின் தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாதிரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தீ புடிச்சிக்குமா?"

"புடிச்சிக்கும்."

"எங்க வெச்சாலுமா?"

"எங்க வெச்சாலும். ஏசி இல்லாத எடத்துல அத்த ஓட்டவே கூடாது."

"சரிங்க. நெனப்புல வெச்சிக்கிறேன்."

மெர்லின் ஒன்றை நினைப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பயப்பட வேண்டும். ரெக்ஸ் பயப்படவில்லை. ஏசி சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

ஏசி முன்னறையில் ஏறியது. அதற்கு நேர் கீழே மேஜையில் மூன்று பெட்டிகளும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. பெட்டிகளைக் கண்காணிக்க ஆள் வேண்டுமல்லவா? ரெக்ஸ் பாயையும் போர்வையையும் அங்கேயே கொண்டுவந்து போட்டான். ஊரே சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்டாடும் சித்திரையில் போர்வை போர்த்திப் படுத்த ஒரே குடும்பத் தலைவன் அவன். சுகமாகத்தான் இருந்தது. குற்ற உணர்ச்சி கூட குளிரில் விறைத்துப்போய்ப் பேசாமல் கிடந்தது.

ஒரு நாள் காலை டூட்டி முடித்து வந்த மெர்லின், நர்ஸ் உடுப்போடு நேராக முன்னறைக்குள் வந்து ஏசிக்கு முகத்தைக் காட்டி நின்றாள். திரையில் வந்த கேள்வியைப் பார்த்து ரெக்ஸ் ஏதோ செட்டிங் மாற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா கேக்குது அது?"

ரெக்ஸுக்குக் குஷி பிறந்துவிட்டது. தொழிலைப் பற்றி மனைவி வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதான் ஃபெயிலியர் டொமைன்."

"தமிழ்ல சொல்லுங்க."

"எதெது ஒரே அடியில சேந்து சாவுமோ, அதெல்லாம் ஒரு கூட்டம். ஒரே கூட்டத்துக்குள்ள ரெண்டு காப்பி வெக்கக் கூடாது. போன வருசம் நான் இன்னா பண்ணேன்? மூணையும் ஒரே டிஸ்க்குல வெச்சேன். டிஸ்க்கு போச்சு, மூணும் போச்சு. இப்ப பாரு, எந்த அளவுல காப்பிய பிரிக்கட்டும்னு இது கேக்குது. டிஸ்க்கா, பெட்டியா, ரூமா, வூடான்னு. நான் பெட்டின்னு சொல்லிட்டேன். ஒரு பெட்டிக்கு ஒரு காப்பி. எப்டி?"

"நல்லாத்தான் இருக்குது. மூணு பெட்டியும் எங்க இருக்குது?"

"தோ, இங்கதான்."

"ஒரே ரூம்ல."

"ஏசி இங்கதானே இருக்குது."

மெர்லின் அண்ணாந்து ஏசியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து பெட்டிகளைப் பார்த்தாள்.

"ஏசி தண்ணி ஒழுகினா மூணு தலையிலயும் ஒண்ணாத்தானே ஒழுவும்?"

ரெக்ஸ் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். 

"அம்மை போட்ட ஒரு புள்ளையோட நல்லா இருக்குற ரெண்டையும் ஒரே கட்டில்ல படுக்க வெச்சா எங்க டாக்டரு என்ன சும்மா வுடுவாரா?" என்று சொல்லிவிட்டு அவள் அனல் அறைக்குத் தூங்கப் போனாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரெக்ஸ் புருஷனாகத்தான் பொய்க்காரன். தொழில்காரனாக ரொம்ப யோக்கியன். மெர்லின் சொன்னது சரி என்று மண்டையில் ஏறியதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரூம் ரூமாகப் பிரித்து வைக்கலாமா? ஒரே மீட்டர். கரண்ட் எகிறினால் மூன்றும் போகும். பக்கத்து வீட்டில் ஒன்றை வைக்கலாமா? ஒரே டிரான்ஸ்பார்மர். இடி விழுந்தால் போகும். நாலு தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு தூங்குகிறவளை எழுப்பினான்.

"மெர்லினு! வூடு! மூணு ஊர்ல மூணு வூடு!"

"யாருக்கு வூடு?"

"பெட்டிக்கு!"

"சங்கராபுரத்துல எந்தம்பி மார்ட்டின் வூட்ல ஒண்ணு வைங்க," என்றாள் மெர்லின், கண்ணைத் திறக்காமலே. "நெட்டு இருக்குது. இன்னொண்ண கச்சிராயபாளையத்துல எங்கம்மா வூட்ல வைங்க."

ரெக்ஸ் உஷாரானான். மூன்றில் இரண்டு பெட்டி கையைத் தூக்கினால்தான் கிடங்கு திறக்கும். அந்த இரண்டும் மெர்லின் வகையறாவில் இருந்தால்? அதுவும் சேர்ந்து சாகும் கூட்டம்தானே? தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனுக்கே புல்லரித்தது.

"மார்ட்டின் வூடு சரி. இன்னொண்ணு மலை மேல கரியாலூர்ல. சக்கரவர்த்தி அண்ணன் வூட்ல. அவரு நம்ம ஆளு."

சக்கரவர்த்தி அந்த மலையூரில் சாமையும் தினையும் பயிர் செய்கிறவர். அருவி பார்க்க வருகிறவர்கள் தங்க வீட்டோடு இரண்டு அறை கட்டி, அவர்களுக்காக இன்டர்நெட்டும் போட்டிருந்தார். அவர் மகன் விஜயராகவன் கல்யாணத்தை ரெக்ஸ்தான் எடுத்தான். அந்தத் தாலி தொலையவில்லை.

"அவரு சம்சாரம் ராணியம்மாக்கா வூடா?" என்றாள் மெர்லின். "வைங்க வைங்க. அவங்க பித்தப்பை ஆப்ரேசனுக்கு எங்க வார்டுலதான் படுத்திருந்தாங்க. நான்தான் பாத்துக்கினேன். தங்கமான மனுசி."

ரெக்ஸ் இதைக் காதில் வாங்கவில்லை. அவன் அதற்குள் ஒயரைக் கழற்றிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டிலும் ஏசி இல்லை என்பதும் அவனுக்கு உறைக்கவில்லை. அடித்தவன் மறப்பான், அடிபட்டவன் மறக்க மாட்டான் என்பார்கள். பொய்க்கும் அதே கணக்குதான்.

சங்கராபுரத்துக்கு ஒன்று போயிற்று. மார்ட்டின் அதை டிவி ஸ்டாண்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். இன்னொன்று கோமுகி அணையைத் தாண்டி, வளைந்து வளைந்து மலையேறிக் கரியாலூருக்குப் போயிற்று. ராணியம்மாள் அதற்கென்று விதைத் தானியம் வைக்கும் மேல் அலமாரியைக் காலி செய்து கொடுத்தாள். ரெக்ஸ் செட்டிங்கில் 'வீடு' என்று மாற்றினான். சோதித்துப் பார்க்க மார்ட்டினிடம் பெட்டியை அணைக்கச் சொன்னான். படம் ஓடியது. கரியாலூரை அணைக்கச் சொன்னான். அப்போதும் ஓடியது. ஒரே ஒரு குறை, மலைப்பாதையில் இன்டர்நெட்டுக்கும் மூச்சு வாங்கியது. ஒரு கல்யாணம் கரியாலூர் போய்ச் சேர ஒரு ராத்திரி பிடித்தது. போகட்டும், பத்திரமாகப் போகிறதே. ரெக்ஸ் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ராஜா மாதிரி தூங்கினான்.

அடுத்த வாரம் மெர்லின் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இப்ப முன் ரூம்ல ஒரே பெட்டிதானே. ஏசிய எங்க ரூமுக்கு மாத்திடலாமா? பகல்ல தூக்கமே வரலீங்க. நேத்து டூட்டியில நின்னுக்கினே தூங்கிட்டேன்."

ரெக்ஸுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கணம். அப்புறம் ஏசியிலிருந்து ஒரு காற்று வந்து கழுத்தைத் தடவியது.

"ஐயோ! ஏசி இல்லாம ஓட்னா தீ புடிச்சிக்கும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"எங்க வெச்சாலும்னு சொன்னனா?"

"அதையுந்தான் சொன்னீங்க."

"அப்பால?"

"அப்பால ஒண்ணுமில்லீங்க," என்று மெர்லின் சிரித்துவிட்டுப் போனாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக ரெக்ஸ் எதிலும் ஜெயித்ததில்லை. அந்தச் சுலபம்தான் அவனைக் கொஞ்சம் உறுத்தியது. ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்ததும் உறுத்தல் நின்றது.

இதற்கிடையில் தீனதயாளனின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் வந்தது. பழசை மறக்காவிட்டாலும் மன்னித்து, ரெக்ஸையே கூப்பிட்டார்.

"ரெக்ஸு, இந்த வாட்டி மூணு கேமரா வையி. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஆலைக் களத்துல பெரிய திரை கட்டி, சாதி சனம் எல்லாத்துக்கும் படம் போடறேன். தாலி மட்டும் இல்லன்னு வெச்சிக்க, இந்த மாப்பிள்ள சாட்சி சொல்ற ஆளு இல்ல. கோவக்காரரு."

ரெக்ஸ் மூன்று கேமராவிலும் தாலியைப் பிடித்தான். வலப்பக்கத் தாலி, இடப்பக்கத் தாலி, மேலிருந்து ஒரு தாலி. கோர்த்து முடித்த படத்தைக் கிடங்கில் ஏற்றினான். அது மூன்று ஊரிலும் போய் உட்கார்ந்தது. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டான். கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தான். கிடங்கு இருக்கும்போது மூலையில் எதற்குக் குப்பை?

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து கோயில் வளாகத்தில் மெர்லின் கொஞ்ச நேரம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ரெக்ஸ் ஜெனிபருக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தபடி காத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் மெர்லின் கோழியைக் கழுவப் போனாள். ரெக்ஸ் சாயந்தரப் படத்தை பென் டிரைவில் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தான்.

கிடங்கு திறக்கவில்லை.

மறுபடி தட்டினான். திறக்கவில்லை. திரையில் சிவப்பு எழுத்து. மூன்றில் ஒரு பெட்டிதான் உயிரோடு இருக்கிறது, பெரும்பான்மை இல்லை. வீட்டுப் பெட்டி தன் வயிற்றில் தாலியை வைத்துக்கொண்டு, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்றது. ஏசி அறையில் ரெக்ஸுக்கு வேர்த்துக் கொட்டியது. சங்கராபுரத்துக்கு ஃபோனைப் போட்டான்.

"மச்சான்! பெட்டியில லைட்டு எரியுதா பாரு!"

"எரியக் கூடாதுன்னுதான் மாமா நிறுத்திட்டேன்."

"நிறுத்தினியா? யாரு சொன்னா?"

"அக்காதான். ஏசி இல்லாத வூட்ல ஓட்னா தீ புடிச்சிக்குமாமே. இத்த நீங்க மொதல்லயே சொல்ல வேணாமா மாமா? கைக்கொழந்தய வெச்சிக்கினு இருக்கோம்."

"மச்சான், அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. போடு."

"அக்கா சொன்னாத்தான் போடுவேன்," என்று மார்ட்டின் வைத்துவிட்டான்.

பரவாயில்லை. இன்னும் ஒரு பெட்டி கை தூக்கினால் போதும். மலை இருக்கிறது. நம்ம ஆளு இருக்கிறார். சக்கரவர்த்தி நம்பரைத் தட்டினான். எடுத்தது ராணியம்மாள்.

"அவரு கொல்லையில களை எடுக்கப் போயிருக்காரு தம்பி. பெட்டிதானே? அணைச்சிப்புட்டேன். நல்லவேளை, மெர்லின் பாப்பா ஃபோன் பண்ணி வெவரம் சொல்லிச்சி. அந்தப் பாப்பா என் உசுரக் காப்பாத்தின பாப்பா, சும்மா சொல்லுமா? வெதச் சாமை அம்புட்டும் அதுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சி."

"அக்கா, தயவு பண்ணி அத்த போடுங்க. ஒண்ணும் ஆவாது."

"சூடாயிருமே தம்பி. வேணும்னா ஈரச் சாக்கு போத்தி ஓட்டட்டுமா?"

"வேணாம்!" என்று ரெக்ஸ் போட்ட சத்தத்தில் ஜெனிபர் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

ஃபோனை வைத்துவிட்டு ரெக்ஸ் சிறிது நேரம் அந்தச் செட்டிங்கையே பார்த்தான். அதில் டிஸ்க் இருந்தது, பெட்டி இருந்தது, ரூம் இருந்தது, வீடு இருந்தது. கரண்ட், இடி, தண்ணீர், எலி, எல்லாவற்றையும் யோசித்துத்தான் பிரித்து வைத்திருந்தான். பொண்டாட்டி என்று ஒரு வரி மட்டும் அதில் இல்லை. மூன்று ஊர், மூன்று வீடு, மூன்று மீட்டர், எல்லாம் ஒரே சுவிட்ச்.

அடுப்படிக்குப் போனான். மெர்லின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது அவனுக்குத்தான்.

"மெர்லினு, இன்னா வேலை இது? சாயந்தரம் படம் போடணும்."

"சாயந்தரத்துக்கு இன்னும் நேரம் கெடக்குது."

"தீனதயாளன் என்ன உரிச்சிடுவாரு."

"பாவம், கொழந்த இருக்குற வூடு. தீ கீ புடிச்சிக்கிச்சின்னா உங்க பேருதானே கெட்டுப்போவும். அதான் நிறுத்தச் சொன்னேன். உங்க நல்லதுக்குத்தான்."

"அது புடிக்காது."

"எது புடிக்காது?"

"தீ."

"ஏசி இல்லன்னாலுமா?"

ரெக்ஸ் சுவரைப் பார்த்தான். காலண்டரைப் பார்த்தான். கழுவி வைத்த கோழியைப் பார்த்தான். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவன் நிலைமையைப் புரிந்துகொண்டதாகத் தெரிந்தது.

"இல்லன்னாலும்," என்றான், அவனுக்கே கேட்காத குரலில்.

"சத்தமா சொல்லுங்க. இருங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்." மெர்லின் கையைத் துடைத்து, ஃபோனை எடுத்து, சங்கராபுரத்தையும் கரியாலூரையும் ஒரே இணைப்பில் சேர்த்து, ஸ்பீக்கரில் போட்டாள். தாடிக்காரர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். அவ்வளவு சுத்தமான இணைப்பு. "மாமா பேசறாரு, கேளுங்க."

ரெக்ஸ் பேசினான். "அந்தப் பெட்டிக்கு ஏசி தேவையில்ல. சாதா ஃபேனே போதும். எங்க வேணாலும் ஓட்டலாம்."

"அப்ப முன்னாடி சொன்னது?" என்றது சங்கராபுரம்.

"அது... கொஞ்சம் ஜாஸ்தியா சொல்லிட்டேன்."

"அட, அணைக்காமயே இருந்திருக்கலாமே," என்றது கரியாலூர்.

"போடுங்கக்கா. நீயும் போடு மார்ட்டினு," என்றாள் மெர்லின். இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்கின. கிடங்கு திறந்தது. ரெக்ஸ் ஓடிப்போய் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். வலப்பக்கத் தாலி இருந்தது. இடப்பக்கத் தாலி இருந்தது. மேலிருந்து எடுத்ததும் இருந்தது. மாப்பிள்ளைதான் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைச் சட்டைப் பையிலும் ஒன்றை மெர்லினின் கைப்பையிலும் போட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஏசி மெக்கானிக் இளவரசன் தோளில் ஏணியோடு நின்றான்.

"அண்ணே, ஏசி எந்த ரூம்லேந்து எந்த ரூமுக்கு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அக்கா போன வாரமே சொல்லி வெச்சிட்டாங்களே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வா, அண்ணனே எறக்கச் சொல்லுவாருன்னாங்க."

ரெக்ஸ் மெர்லினைத் திரும்பிப் பார்த்தான். அவள் கோழிக் குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. ஏனோ வரவில்லை. இப்படி ஒரு மூளையோடு குடும்பம் நடத்துகிறோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

ஏசி இடம் மாறியது. அந்தச் சுவரில் ஒரு பழைய ஃபேன் ஏறியது. பெட்டி எந்தக் குறையும் சொல்லாமல் அதே பச்சை விளக்கைச் சிமிட்டியது. குழம்பு பிரமாதம். வயிறு முட்டச் சாப்பிட்டதும் ஒரு நல்ல எண்ணம் ரெக்ஸுக்கு வந்தது. ஏசி எங்கே போய்விட்டது? பக்கத்து ரூமுக்குத்தானே? சாயந்தரம்வரை ஒரு தூக்கம் போட்டுவிட்டு ஆலைக் களத்துக்குப் போகலாம். தலையணையையும் போர்வையையும் அணைத்துக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தான். கதவு இடுக்கில் ஜில்லென்று காற்று வந்தது. உள்ளே ஜெனிபர் ஏற்கெனவே போர்வைக்குள் சுருண்டிருந்தாள். மெர்லின் கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"இன்னாங்க, தலவாணியோட?"

"படுக்கத்தான்."

"இங்கியா?"

"பின்ன? ஏசி இங்கதானே இருக்குது."

"நம்ப வூட்ல எத்தினி பேரு?"

"மூணு பேரு."

"மூணு பேரும் ஒரே ரூம்ல, ஒரே ஏசிக்கு அடியில. நீங்களே சொல்லுங்க, இந்த செட்டிங் சரியா?"

ரெக்ஸ் வாயைத் திறந்தான். எதிர்த்துப் பேச வேண்டிய வாதம் முழுக்க அவனுடையதாகவே இருந்தது.

"ஜெனிபரு, அப்பா வெளிய படுக்கட்டும்னு நான் சொல்றேன். நீ?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மேலே எழுந்தது.

மெர்லின் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"ஒரு காப்பி வெளியிலயே இருக்கட்டுங்க."